முப்பது சென்ட் கூலியும் மூன்று பக்க ஏடும்

பல்கலைக் கழகங்களில் பேராசிரியர் பதவிக்கு ஆள் தேடும்போது இந்நாளில் ஒரு கணக்குப் போடுகிறார்கள். மனுச் செய்தவர் எத்தனை ஆராய்ச்சிக் கட்டுரைகள் எழுதியிருக்கிறார், அவற்றை மற்ற ஆராய்ச்சியாளர்கள் தங்கள் கட்டுரைகளில் எத்தனை முறை எடுத்துக் காட்டியிருக்கிறார்கள் என்பதே அந்தக் கணக்கு. 2005-இல் ஹிர்ஷ் என்ற இயற்பியலார் இதை ஒரே எண்ணுக்குள் அடக்கவும் வழி சொல்லிவிட்டார். ஒருவருடைய கட்டுரைகளில் இருபது கட்டுரைகள், ஒவ்வொன்றும் இருபது முறைக்குக் குறையாமல் எடுத்துக் காட்டப்பட்டிருந்தால் அவருக்கு மதிப்பெண் 20. அறுபது கட்டுரைகள் அறுபது முறை என்றால் மதிப்பெண் 60. வானநூலும் இந்தத் தராசுக்கு விலக்கு இல்லை. விண்மீன் மண்டலங்களைப் பற்றி ஆராய்கின்ற இளைஞர் ஒருவர் வேலை கேட்டுப் போனால், அவருடைய தலையை எடை போடுவதற்கு முன்னால் தாள்களை எண்ணிப் பார்த்துவிடுகிறார்கள்.

இந்தத் தராசையே உடைத்துப் போடவேண்டும் என்று நாம் சொல்ல வரவில்லை. சிபாரிசுக் கடிதத்தையும் பெரிய இடத்துச் செல்வாக்கையும் பார்த்துப் பதவி கொடுத்த காலம் ஒன்று இருந்தது. அதைவிட, எண்ணிப் பார்த்துக் கொடுப்பது எவ்வளவோ மேல். ஆனால் தராசு நேராக இருக்கிறதா என்று பார்க்க, எடை தெரிந்த பொருள் ஒன்றை அதில் வைத்துப் பார்ப்பது கடைத்தெருப் பழக்கம். அந்தப் பழக்கப்படி நாமும் ஒரு பெண்மணியை இன்று இந்தத் தராசில் ஏற்றிப் பார்க்கிறோம். ஹென்ரியெட்டா ஸ்வான் லீவிட் என்பது அவர் பெயர். அவர் மறைந்து நூறாண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டன. வானத்தில் உள்ள விண்மீன் மண்டலங்கள் எவ்வளவு தொலைவில் இருக்கின்றன என்று உலகம் அறிந்துகொண்டது அவர் செய்து கொடுத்த அளவுகோலால்தான்.

அமெரிக்க நாட்டின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் லங்காஸ்டர் என்னும் ஊரில், 1868-ஆம் ஆண்டு ஜூலை 4-ஆம் நாள் அவர் பிறந்தார். தந்தை ஒரு கிறிஸ்துவப் பாதிரியார். பெண்ணைப் படிக்க வைப்பதில் அந்தக் குடும்பத்துக்குத் தயக்கம் இருக்கவில்லை. ஓபர்லின் கல்லூரியில் சில ஆண்டுகள் படித்துவிட்டு, கேம்பிரிட்ஜ் நகரத்தில் பெண்களின் கல்லூரிப் படிப்புக்கென ஏற்பட்டிருந்த கழகத்தில் சேர்ந்தார். பின்னாளில் ராட்கிளிஃப் கல்லூரி என்று பெயர் பெற்றது அதுதான். அங்கே கற்பித்தவர்கள் ஹார்வர்டு ஆசிரியர்கள். பாடமும் ஹார்வர்டு பாடம். ஆனால் ஹார்வர்டு பட்டம் மட்டும் கிடையாது! 1892-இல் படிப்பை முடித்தபோது அவர் கைக்கு வந்தது ஒரு சான்றிதழ். ஹார்வர்டில் இளங்கலைப் பட்டத்துக்குப் படிக்கவேண்டிய அளவுக்கு இவர் படித்திருக்கிறார் என்று அது ஒப்புக்கொண்டது. படித்ததை ஒப்புக்கொள்வார்கள், பட்டத்தைக் கொடுக்கமாட்டார்கள். அந்நாளைய நியாயம் அப்படி.

கடைசி ஆண்டில் அவர் எடுத்த பாடங்களில் வானநூலும் ஒன்று. அந்த ஆர்வத்தில் ஹார்வர்டு வானாய்வு நிலையத்துக்குப் போய்ச் சம்பளம் வாங்காமலே வேலை செய்யத் தொடங்கினார். இடையில் ஐரோப்பாவில் பயணம், பிறகு விஸ்கான்சின் மாநிலத்துப் பெலாய்ட் நகரில் குடும்பத்தோடு வாசம், அங்குள்ள கல்லூரியில் கலைப் பிரிவில் ஒரு சிறு வேலை என்று ஆண்டுகள் கழிந்தன. இந்தக் காலத்தில்தான் அவருடைய காது மந்தமாகிக்கொண்டு வந்தது. பின்னாளில் ஏறக்குறையக் கேளாமலே போயிற்று. 1902-இல், விட்டுவந்த ஆராய்ச்சியைத் தொடரவேண்டும் என்று நிலையத் தலைவர் பிக்கரிங்குக்கு எழுதினார். வரலாம் என்று பதில் வந்தது. கூலி மணிக்கு 30 சென்ட்.

இந்த 30 சென்ட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். அது சலுகைக் கூலி! அதே நிலையத்தில் மற்றப் பெண்களுக்கு வழக்கமாகக் கொடுத்தது 25 சென்ட். கம்ப்யூட்டர் என்ற சொல் அப்போது இயந்திரத்தைக் குறிக்கவில்லை. கணக்கிடுகின்ற ஆளைத்தான் குறித்தது. பிக்கரிங் 1877 முதல் 1919 வரை அந்த நிலையத்தின் தலைவராக இருந்தவர். வரிசை வரிசையாகப் பெண்களை உட்காரவைத்து, விண்மீன்களை எண்ணவும் தரம் பிரிக்கவும் பழக்கினார். ஊரில் சிலர் அந்தப் பெண்களைப் பிக்கரிங்கின் அந்தப்புரம் என்று கேலி பேசினார்கள். கேலி பேசியவர்களின் பெயர்களை இன்று யாரும் நினைவில் வைத்திருக்கவில்லை. அந்தப் பெண்களில் ஒருவரான வில்லியமினா ஃபிளெமிங், பிக்கரிங் வீட்டில் பணிப்பெண்ணாக இருந்தவர். ஆயிரக்கணக்கான விண்மீன்களை வகைப்படுத்தி, ஒரு பிரிவுக்கே தலைவராக உயர்ந்தவர். 1900-இல் அவருக்கு ஆண்டுக்கு 1,500 டாலர். அங்கேயே உள்ள ஆண் உதவியாளர்களுக்கு 2,500 டாலர். தமக்கும் வீடு உண்டு, குடும்பம் உண்டு என்பது இவர்களுக்குத் தோன்றாதா என்று அந்த அம்மையார் தம் நாட்குறிப்பில் மனம் வெதும்பி எழுதி வைத்தார்.

பிக்கரிங்கைக் கொடியவர் என்று சித்திரிப்பது எளிது. அது நியாயமாகாது. மற்ற இடங்களில் பெண்களுக்குக் கதவே திறக்காத காலத்தில் அவர் கதவைத் திறந்தார். யார் செய்த வேலை என்பதை ஏட்டில் குறிப்பிடவும் செய்தார். திறந்த கதவுக்குள்ளே நாற்காலி எங்கே போடுவது என்பதில்தான் அவரும் அவர் காலத்து மனிதராக இருந்துவிட்டார். தொலைநோக்கியைப் பிடித்து வானத்தைப் பார்ப்பது ஆண்களின் வேலை. அது எடுத்துத் தந்த படத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்ப்பது பெண்களின் வேலை.

படம் என்றால் காகிதப் படம் அன்று, கண்ணாடித் தகடு. கேத்தரின் புரூஸ் என்ற செல்வச் சீமாட்டி 50,000 டாலர் நன்கொடை கொடுத்தார். அதைக் கொண்டு 24 அங்குலத் தொலைநோக்கி ஒன்று செய்யப்பட்டு, தென் அமெரிக்காவில் பெரு நாட்டு அரெக்கிப்பா நகருக்குக் கொண்டுபோகப்பட்டது. கேம்பிரிட்ஜிலிருந்து பார்த்தால் தெரியாத தென்வானத்தைப் படமெடுப்பதற்காக அந்த ஏற்பாடு. மலைமேல் எடுத்த தகடுகள் கப்பலேறி ஹார்வர்டு வந்து சேரும். அந்தத் தகடுகளில் இரண்டு வெண்முகில்கள் உண்டு. மகெல்லன் முகில்கள் என்று அவற்றுக்குப் பெயர். பார்வைக்கு முகில்போல் இருந்தாலும் அவை எண்ணற்ற விண்மீன்களின் திரள்கள்.

லீவிட் அம்மையாருக்கு ஒப்படைத்த வேலை, ஒளி மாறுகின்ற விண்மீன்களைக் கண்டுபிடிப்பது. சில விண்மீன்கள் ஒரே சீராக ஒளிர்வதில்லை. ஏறும், இறங்கும், மறுபடி ஏறும். தகட்டில் அவற்றை எப்படிக் கண்டுபிடிப்பது? ஒரு நாள் எடுத்த தகட்டில் விண்மீன்கள் கறுப்புப் புள்ளிகளாக இருக்கும். வேறொரு நாள் எடுத்ததை வெள்ளைப் புள்ளிகளாக மாற்றிப் படியெடுத்து, ஒன்றன்மேல் ஒன்றை வைத்துப் பார்க்கவேண்டும். மாறாத விண்மீனில் கறுப்பும் வெள்ளையும் சரிக்குச் சரியாகிவிடும். மாறியதில் ஒன்று மற்றொன்றை மீறித் தெரியும். சொல்வதற்கு எளிது. பொட்டுப் பொட்டாக ஆயிரமாயிரம் புள்ளிகள் இறைந்து கிடக்கும் கண்ணாடியில், நாளெல்லாம், ஆண்டெல்லாம், ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்துச் செய்யும் வேலை அது. கண்டுபிடிப்புகள் வந்து குவிகின்ற வேகத்தைப் பார்த்துப் பிரின்ஸ்டன் பேராசிரியர் ஒருவர், எங்களால் ஈடுகொடுக்க முடியவில்லையே என்னும் பொருளில் பிக்கரிங்குக்கு எழுதினாராம்.

1908-இல் அந்த உழைப்பு அச்சேறியது. ஹார்வர்டு நிலைய ஏட்டின் 60-ஆம் தொகுதியில், அவர் பெயரிலேயே, இருபது பக்கங்களுக்குச் சற்று மேல். இரண்டு முகில்களிலும் சேர்த்து 1,777 மாறும் விண்மீன்கள். சிறிய முகிலில் 969, பெரியதில் 808. பட்டியல்தானே என்று புரட்டிப் போகிறவர்கள் போகட்டும். அதன் கடைசிப் பகுதியில் ஒரு சிறு அட்டவணை இருக்கிறது. சிறிய முகிலைச் சேர்ந்த 16 விண்மீன்களுக்கு மட்டும், ஒளி ஏறி இறங்க எத்தனை நாள் ஆகிறது என்று கணக்கிட்டிருந்தார். அதைப் பார்த்தால், ஒளி மிகுந்தவை மெதுவாகத் துடிக்கின்றன, ஒளி குறைந்தவை விரைவாகத் துடிக்கின்றன. இது கவனிக்கத்தக்கது என்று அடக்கமாக ஒரு வரி எழுதி நிறுத்திக்கொண்டார். பதினாறை வைத்துக்கொண்டு விதி சொல்ல அவர் துணியவில்லை.

பிறகு நோய் வந்தது. நெடுநாள் பெலாய்ட்டில் பெற்றோர் வீட்டில் இருக்க நேர்ந்தது. நிலையத்து வேலை வீடு தேடிப் போயிற்று. 1911-இல் தந்தையார் இறந்தார். இத்தனைக்கும் இடையில் பதினாறு இருபத்தைந்து ஆயிற்று. 1912 மார்ச் 3-ஆம் நாளிட்டு ஹார்வர்டு நிலையத்தின் 173-ஆம் சுற்றறிக்கை வெளிவந்தது. மூன்றே பக்கம்! 25 விண்மீன்கள். விரைவாகத் துடிப்பதற்கு ஒன்றேகால் நாள், மெதுவாகத் துடிப்பதற்கு 127 நாள். துடிப்புக் காலத்தின் மடக்கையை ஒரு பக்கமும் ஒளித்தரத்தை ஒரு பக்கமும் வைத்து வரைபடம் போட்டால், புள்ளிகள் நேர்க்கோட்டில் வந்து அமர்ந்தன.

இதில் என்ன அதிசயம் என்று வாசகர்கள் கேட்கக்கூடும். இரவில் மலைமேல் நின்று பார்க்கிறோம். தூரத்தில் ஒரு விளக்கு மங்கலாகத் தெரிகிறது. அது அருகில் உள்ள சிறு விளக்கா, நெடுந்தொலைவில் உள்ள பெரிய விளக்கா? கண்ணால் சொல்லமுடியாது. வானநூலாரை ஆயிரம் ஆண்டுகளாக வாட்டிய கேள்வி இது. ஆனால் எல்லா விளக்குகளும் ஒரே ஊரில் இருந்தால்? நமக்கு அந்த ஊர் எவ்வளவு தூரமோ அவ்வளவு தூரம்தான் அதன் ஒவ்வொரு விளக்கும். அதில் பிரகாசமாகத் தெரிவது உண்மையிலேயே பெரிய விளக்கு. சிறிய மகெல்லன் முகில் அப்படி ஓர் ஊர். அதில் உள்ள விண்மீன்கள் எல்லாம் நமக்கு ஏறக்குறைய ஒரே தொலைவு. ஆகவே துடிப்புக் காலம் இணைந்திருப்பது விண்மீனின் உண்மையான ஒளியோடு. இதை அந்த அம்மையாரே அந்த மூன்று பக்கத்துக்குள் எழுதியிருக்கிறார். அதாவது, ஒரு விண்மீன் எத்தனை நாளுக்கு ஒருமுறை துடிக்கிறது என்று எண்ணினால் போதும். அது எத்தனை பெரிய விளக்கு என்று தெரிந்துவிடும். தெரிந்தபின், அது எவ்வளவு மங்கித் தெரிகிறதோ அதைக் கொண்டு தூரத்தைக் கணக்கிட்டுவிடலாம்.

ஒன்றே ஒன்று குறை. இந்த இனத்து விண்மீன் ஒன்றின் தூரமாவது வேறு வழியில் தெரியவேண்டும். அடிக்கோலில் அங்குலம் எது என்று குறிக்க ஒரு கோடு வேண்டுமல்லவா? அதையும் அவர் அறிந்திருந்தார். இவ்வகை விண்மீன்கள் சிலவற்றின் தூரத்தை யாரேனும் அளப்பார்கள் என்ற எதிர்பார்ப்பை அதே ஏட்டில் பதிந்துவைத்தார். தாம் அளக்கிறேன் என்று எழுதவில்லை. எழுத அவருக்கு உரிமை இருந்ததாக நமக்குத் தோன்றவில்லை. எந்த வேலையைச் செய்வது என்பதை முடிவு செய்யும் அதிகாரம் மணிக்கூலிக்காரருக்கு எங்கே இருக்கிறது?

அந்தச் சுற்றறிக்கையின் அடியில் உள்ள கையொப்பம் எட்வர்ட் பிக்கரிங்குடையது. இதை ஆயத்தம் செய்தவர் மிஸ் லீவிட் என்று முதல் வரியில் அவர் சொல்லியிருக்கிறார். நூற்பட்டியல்களில் இப்போது லீவிட், பிக்கரிங் என்று இருவர் பெயரும் சேர்ந்தே காணப்படுகின்றன.

அதன்பின் நடந்ததை வரிசையாகப் பார்த்தால்தான் மூன்று பக்கத்தின் பலம் விளங்கும். 1913-இல் டென்மார்க்கைச் சேர்ந்த ஹெர்ட்ஸ்ப்ருங், இந்த விண்மீன்கள் செபீடு என்னும் இனத்தைச் சேர்ந்தவை என்று கண்டுகொண்டு, நம் அருகில் உள்ள 13 செபீடுகளைக் கொண்டு அடிக்கோலுக்கு முதல் கோடு போட்டார். சிறிய முகிலின் தொலைவை 30,000 ஒளி ஆண்டு என்று கணக்கிட்டார். வேடிக்கை என்னவென்றால், அச்சில் ஒரு சுழி விடுபட்டு 3,000 என்று வந்துவிட்டது! இன்றைய அளவு ஏறத்தாழ 2,00,000 ஒளி ஆண்டு. முதல் முயற்சி அப்படித்தான் இருக்கும். கலிஃபோர்னியாவில் மவுண்ட் வில்சன் மலையில் இருந்த ஹார்லோ ஷேப்லி அதே கோலை எடுத்துக்கொண்டு கொத்து விண்மீன்களின் தூரத்தை அளந்தார். நம் கதிரவன் பால்வீதியின் நடுவில் இல்லை, ஒதுக்குப்புறத்தில் இருக்கிறது என்று 1918-இல் காட்டினார். பூமியை நடுவிலிருந்து எடுத்தவர் கோப்பர்னிக்கஸ் என்றால், கதிரவனை நடுவிலிருந்து எடுத்தவர் ஷேப்லி. எடுப்பதற்கு அவர் கையில் இருந்த கருவி அந்த அம்மையாருடையது.

ஆனால் வானத்தில் தெரியும் சுருள் நெபுலாக்கள் எவை என்பதில் ஷேப்லி தவறினார். அவை பால்வீதியின் சுற்றுப்புறத்தைச் சேர்ந்த வாயுத் திரள்களே என்பது அவர் கட்சி. தனித்தனி விண்மீன் மண்டலங்கள் என்பது ஹீபர் கர்ட்டிஸ் என்பாரின் கட்சி. 1920 ஏப்ரல் 26-இல் வாஷிங்டனில் இருவரும் ஒரே மேடையில் வாதிட்டார்கள். தீர்ப்புச் சொல்ல எவரிடமும் சான்று இல்லை. மூன்றாண்டு கழித்து, 1923 அக்டோபரில், எட்வின் ஹப்பிள் 100 அங்குலத் தொலைநோக்கியால் ஆண்ட்ரமீடா நெபுலாவைப் படமெடுத்தார். தகட்டில் ஒரு புள்ளியை நோவா என்று குறித்தவர், பழைய தகடுகளோடு ஒப்பிட்டுவிட்டு, அந்தக் குறியை அடித்துவிட்டு மாறும் விண்மீன் என்று வியப்புக்குறியோடு எழுதினார். 31 நாளுக்கு ஒருமுறை துடிக்கும் செபீடு அது. லீவிட் வரைந்த கோட்டில் பொருத்திப் பார்த்தார். தூரம் ஒன்பது லட்சம் ஒளி ஆண்டு! ஷேப்லி மிகப் பெரிதாகக் கணித்த பால்வீதிகூட மூன்று லட்சம்தான். ஆண்ட்ரமீடா நம்மைச் சேர்ந்தது இல்லை, அது தனி உலகம். 1925 ஜனவரி முதல் நாள் வாஷிங்டனில் நடந்த வானநூலார் கூட்டத்தில் அந்தக் கட்டுரை படிக்கப்பட்டது. விண்மீன் மண்டல ஆராய்ச்சி என்று இன்று நாம் சொல்லுகிற துறை பிறந்தது அன்றுதான் என்று சொன்னால் மிகை ஆகாது. பிறகு 1927-இல் பெல்ஜியப் பாதிரியார் லெமைத்தர், 1929-இல் ஹப்பிள் என்று, பேரண்டம் விரிகிறது என்னும் செய்தி வந்தது. தூரம் தெரியாமல் அந்தச் செய்தி வந்திருக்க முடியாது. தூரத்துக்கு முதல் படி செபீடுதான்.

இந்தக் காலமெல்லாம் அந்த அம்மையார் என்ன செய்துகொண்டிருந்தார்? தாம் கண்டதைத் தொடர்ந்து ஆராய்ந்தார் என்று எழுத நமக்கு ஆசைதான். உண்மை வேறு. வடதுருவத்தை ஒட்டிய 96 விண்மீன்களின் ஒளியைத் துல்லியமாக அளந்து, உலகத்தார் எல்லோரும் ஒளித்தரம் பார்க்கப் பயன்படுத்தும் வரிசை ஒன்றை ஆக்கும் வேலை அவருக்குக் கொடுக்கப்பட்டது. 13 தொலைநோக்கிகளில் எடுத்த 299 தகடுகள். அந்த வேலையின் முழு அறிக்கை வெளிவந்தது 1917-இல். பயனற்ற வேலை என்று நாம் சொல்லமாட்டோம். நாடுகளுக்குப் பொதுவான அளவாக அது ஏற்கப்பட்டது. ஆனால் பொன் எடுத்த சுரங்கத்தை விட்டு அவரை வேறு இடத்தில் தோண்டச் சொன்னார்கள். அதே ஹார்வர்டில் பின்னாளில் புகழ்பெற்ற சிசிலியா பெய்ன் அம்மையார் இதைக் கடுமையாகவே கண்டித்திருக்கிறார். மாறும் விண்மீன் ஆராய்ச்சி இதனால் பல பத்தாண்டுகள் பின்தங்கிப் போயிற்று என்பது அவர் கருத்து. அந்த இருக்கைகளின் சூட்டை அறிந்தவர் சொல்வதால் நாம் அதைத் தள்ளிவிட முடியாது.

1921-இல் ஷேப்லி ஹார்வர்டு நிலையத்தின் தலைவராக வந்தார். லீவிட் அம்மையாரை ஒளியளவைப் பிரிவின் தலைவர் ஆக்கினார். காலம் கடந்து வந்த பதவி. அதே ஆண்டு டிசம்பர் 12-ஆம் நாள் புற்றுநோய் அவரைக் கொண்டுபோயிற்று. வயது 53. அமெரிக்கப் பெண்களுக்கு நாடு முழுவதும் வாக்குரிமை வந்தது 1920-இல். அந்த உரிமையோடு அவர் வாழ்ந்தது ஓராண்டும் சில மாதங்களும். மணம் செய்துகொள்ளவில்லை. தாயாரோடு வாழ்ந்தார். விட்டுச்சென்ற சொத்தை மதிப்பிட்டார்கள். மேசை, புத்தக அலமாரி, கம்பளம், சில கடன் பத்திரங்கள் எல்லாம் சேர்த்து 314 டாலர் 91 சென்ட். ஆண்ட்ரமீடா ஒன்பது லட்சம் ஒளி ஆண்டு என்ற செய்தி வரும்போது அவர் இறந்து மூன்றாண்டு ஆகியிருந்தது.

1925-இல் சுவீடனிலிருந்து ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் மித்தாக்-லெஃப்லர் என்னும் கணித மேதை. நோபல் பரிசுக்கு லீவிட் பெயரை முன்மொழிய விரும்பி, அவருக்கே முகவரியிட்டு எழுதியிருந்தார். இறந்தவர்களுக்கு அந்தப் பரிசு கிடையாது. கடிதத்துக்குப் பதில் எழுதியவர் ஷேப்லி. அம்மையார் மறைந்த செய்தியைத் தெரிவித்து, அவர் திறமையைப் பாராட்டிவிட்டு, கண்டதற்குப் பொருள் சொன்ன பெருமையில் தமக்கும் பங்கு உண்டு என்பதையும் குறிப்பாக உணர்த்தினார். ஷேப்லி பெரிய அறிஞர். அந்த ஒரு கடிதத்தை அவர் வேறு விதமாக எழுதியிருக்கலாம்.

இப்போது தராசுக்கு வருவோம். மாறும் விண்மீன்கள் சுமார் 2,400, அன்றைய உலகம் அறிந்தவற்றில் ஏறத்தாழப் பாதி, இவர் ஒருவர் கண்டவை. நோவாக்கள் நான்கு. ஆனால் விண்மீன் மண்டலத் துறைக்கு அடிக்கோலாக நின்றவை அந்த இரண்டு ஏடுகளே. ஹிர்ஷ் கணக்குப்படி, இரண்டு கட்டுரைகளை உலகமே எடுத்துக் காட்டினாலும் அவற்றுக்காகக் கிடைக்கக்கூடிய மதிப்பெண் இரண்டுதான்! மூன்று ஆகாது. கணக்கின் அமைப்பே அப்படி. இன்னொன்றும் உண்டு. இன்று செபீடுகளை வைத்துத் தூரம் அளப்பவர், கடைசியாகக் கோலைச் சரிபார்த்தவருடைய கட்டுரையை எடுத்துக் காட்டுவார். அவர் தமக்கு முந்தியவரைக் காட்டியிருப்பார். படிப்படியாக இறங்கிப் போனால் அடியில் 1912 இருக்கும். அவ்வளவு தூரம் இறங்குகிறவர் சிலரே. கூட்டல் கழித்தலைக் கண்டவர் யார் என்று எந்தக் கணக்கரும் பேரேட்டில் குறிப்பதில்லை. எல்லோருக்கும் பொதுவாகிவிட்ட பொருளுக்கு மேற்கோள் குறைந்துபோவது இயற்கை.

கோலில் பிழை நேர்ந்த காலமும் உண்டு. 1952-இல் வால்டர் பாடே என்பவர் ரோம் நகரில் கூடிய வானநூலார் மாநாட்டில், செபீடுகளில் இரண்டு இனம் உண்டு, அவற்றைக் கலந்துவிட்டார்கள் என்று அறிவித்தார். ஒரே நாளில் விண்மீன் மண்டலங்களின் தூரம் இரட்டிப்பாகிவிட்டது. ஆண்ட்ரமீடா இன்று 25 லட்சம் ஒளி ஆண்டு. பூமியின் வயதைவிடப் பேரண்டத்தின் வயது குறைவு என்று காட்டி அறிஞர்களைத் திண்டாடவைத்த கணக்கும் அதனால் சரிப்படத் தொடங்கிற்று. அந்தப் பிழை லீவிட் கோட்டில் இல்லை. அவர் அளந்தவை ஒரே முகிலில் உள்ளவை. கோட்டுக்கு எண் போட்டவர்களிடம் வந்த பிழை அது.

1990-இல் விண்ணில் ஏற்றிய ஹப்பிள் தொலைநோக்கிக்குக் கொடுத்த பெரிய பொறுப்புகளில் ஒன்று, தூரத்து மண்டலங்களில் செபீடுகளைத் தேடுவதுதான். 2001-இல் அந்தக் குழு, பேரண்டம் விரியும் வேகத்துக்கு 72 என்ற எண்ணைக் கொடுத்தது. பிளாங்க் விண்கலம் பேரண்டத்தின் தொல்லொளியைக் கொண்டு கணக்கிட்டபோது வந்த எண்ணோ ஏறத்தாழ 67. செபீடு வழியில் அளப்பவர்கள் இன்னும் 73 என்கிறார்கள். ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியும் அந்தச் செபீடுகளைப் பார்த்து, அளவில் பெரும்பிழை இல்லை என்று சொல்லியிருக்கிறது. எது சரி, ஏன் இந்த வேறுபாடு என்ற வழக்கு தீரவில்லை. வழக்கின் ஒரு பக்கத்துச் சாட்சியாக லீவிட் இன்றும் கூண்டில் நிற்கிறார்.

ஹப்பிள் விதி என்று வழங்கியதை 2018-இல் ஹப்பிள்-லெமைத்தர் விதி என்று மாற்றச் சொல்லி உலக வானநூலார் சங்கம் வாக்கெடுத்துப் பரிந்துரைத்தது. துடிப்புக்கும் ஒளிக்கும் உள்ள தொடர்பை லீவிட் விதி என்று அழைக்கும் வழக்கமும் அண்மைக் காலமாகப் பரவி வருகிறது. நிலவில் ஒரு பள்ளத்துக்கு அவர் பெயர் வைத்திருக்கிறார்கள். அது இருப்பது பூமியிலிருந்து பார்த்தால் தெரியாத மறுபக்கத்தில்.

ஹார்வர்டில் அந்தக் கண்ணாடித் தகடுகள் இன்னும் இருக்கின்றன. ஐந்து லட்சத்துக்கு மேல். அவற்றை இயந்திரத்தால் படித்து எண்களாக்கிச் சேமிக்கும் பணி பல ஆண்டுகள் நடந்தது. இயந்திரம் படிப்பதற்குத் தகடு சுத்தமாக இருக்கவேண்டும். அந்தப் பெண்கள் மையால் போட்ட வட்டங்களும் அம்புக்குறிகளும் எண்களும் அதற்கு இடைஞ்சல். ஆகவே துடைத்தார்கள். துடைப்பதற்கு முன்னால், எழுத்துகள் இருந்தது இருந்தபடியே ஒவ்வொரு தகட்டையும் படம் பிடித்து வைத்துக்கொண்டார்கள்.